ஏறச் சொன்னார்கள், ஏறினார்

போன கிழமை பளீலாவைச் சிரித்த முகத்தோடு விட்டுவிட்டு வந்தோம். புத்தளம் டவுனில் இருந்து ஸுஹைரா டீச்சரும் அவர் கணவரும், தங்கள் மகன் இனாஸுக்குப் பளீலாவின் மகள் ஸும்ராவைப் பெண் பார்க்க வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நுரைச்சோலைக்கு இந்தப் பக்கம், தொண்ணூறாம் ஆண்டு மன்னாரில் இருந்து இயக்கத்தால் விரட்டப்பட்டு வந்த முஸ்லிம்கள் கட்டிக்கொண்ட குடியிருப்பு இது. புத்தளத்திலேயே பிறந்து வளர்ந்த ஊராக்கள் வீட்டு மாப்பிள்ளை இங்கே பெண் கேட்டு வருவது எல்லா நாளும் நடக்கிற காரியமில்லை.

அந்தச் சிரிப்பு வெள்ளிக்கிழமை காலை வரைக்கும்தான் நிலைத்தது.

தங்கச்சி வீட்டில் கண்ணாடித் தட்டுகளை இரவல் வாங்கிக்கொண்டு வந்த பளீலா, கணவரின் கதிரை வெறுமையாக இருப்பதைப் பார்த்தாள். மேசையில் அவருடைய பிளேன்டி ஆறிப்போயிருந்தது. வாசலில் செருப்பு இல்லை.

மகன் றஸீன் முற்றத்தில் ஓட்டோவைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"வாப்பா எங்க?"

"பெரியவாப்பாவோட மீன் வாங்கப் போயிட்டார்."

"இண்டைக்கு என்ன கிழமை?"

றஸீன் துணியைப் பிழிந்தான்.

"வெள்ளிக்கிழமை எங்கட ஆக்கள் எவன்டா கடலுக்குப் போறான்? பொய் சொல்றதெண்டாலும் கிழமை பார்த்துச் சொல்லத் தெரியாதா?"

தட்டுகளைக் கதிரையில் வைத்துவிட்டு உள்ளே போய் அலுமாரியைத் திறந்தாள். கணவர் ரஸாக் உடுப்பு வைக்கிற தட்டு துடைத்து வைத்ததுபோல இருந்தது. சாரங்கள் இல்லை, சேட்டுகள் இல்லை, தொப்பி இல்லை. கிளினிக்கில் கொடுத்த மருந்துக் குளிசைப் பையும் இல்லை. சமையலறையில் வட்டலப்பத்துக்கு முட்டை அடித்துக்கொண்டிருந்த ஸும்ரா திரும்பிப் பார்க்கவே இல்லை. பெண் பார்க்க வருகிற நாள், பிள்ளைக்கு வெட்கம் என்று நினைத்துக்கொண்டு தாய் வெளியே வந்தாள்.

ரஸாக்கைப் பற்றி இங்கே நாலு வார்த்தை சொல்ல வேண்டும். வெங்காயத் தோட்டங்களில் கூலிக்குப் போகிறவர். வாய் பேசாதவர், ஒருத்தரோடும் சண்டைக்குப் போகாதவர். ஆனால் வெளியே ஒலிபெருக்கி கட்டின வாகனம் ஒன்று போனால் போதும். அது லொத்தர் சீட்டு விற்கிற வாகனமாக இருக்கலாம், தேர்தல் வாகனமாக இருக்கலாம். ரஸாக் எழும்பி, பெண்சாதி பிள்ளைகளை வாசலில் வரிசையாக நிறுத்திவிட்டுத் தானும் நிற்பார். "சொன்ன நேரத்துக்குள்ள போயிரணும்" என்பார். ஸும்ராவும் றஸீனும் நடக்கப் பழகினதே அந்த வரிசையில் நின்றுதான்.

ஓதிப் பார்த்தார்கள், தாயத்துக் கட்டினார்கள், ஜின் என்றார்கள். ஜின் என்று சொன்னால் ஊரில் மரியாதை குறையாது. வருத்தம், நோய் என்று சொன்னால்தான் குறைந்துபோகும், என்ன நியாயமோ. கடைசியில் பளீலா ஒருத்தரையும் கேட்காமல் அவரைப் பஸ் ஏற்றிப் புத்தளத்துக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனாள். "பிரஷர் மாதிரித்தான் அம்மா இதுவும், குளிசையை மட்டும் நிப்பாட்டாதீங்க" என்றார் டொக்டர். நிப்பாட்டவில்லை. இரண்டு வருடமாக அந்த மனிதர் இரவில் உறங்குகிறார்.

பளீலா றஸீனின் கையில் இருந்த துணியைப் பறித்தாள்.

"சொல்லு."

"உச்சமுனைக்கு உம்மா. பெரியவாப்பாட மச்சினன் ஒருத்தர்ட கொட்டில் ஒண்டு இருக்கு. இண்டைக்கு மட்டும்தான். அவங்க வந்திட்டுப் போனதும் கூட்டிட்டு வருவம்."

"உச்சமுனை தீவு. எதுல போனவர்?"

"போட்டுலதான்."

பளீலா அப்படியே நின்றுவிட்டாள். கோபம் வரத் தாமதமானது. முதலில் வந்தது நம்ப முடியாமைதான்.

"ரஸாக்கை போட்டுல ஏத்தினீங்களா? கையில பேக்கைக் குடுத்து, கல்பிட்டித் துறையில கொண்டுபோய், போட்டுல ஏத்தினீங்களாடா?"

"உம்மா, தங்கச்சிட வாழ்க்கை..."

"ஓட்டோவ எடு."

போகும் வழியில் தாஹிருக்குப் போன் எடுத்தாள். தாஹிர் என்றால் ரஸாக்கின் கூடப்பிறந்த மூத்த காக்கா, பிள்ளைகளின் பெரியவாப்பா. பள்ளி நிர்வாகத்தில் இருக்கிறார், ஊரில் நாலு பேர் எழும்பி நின்று சலாம் சொல்கிற மனிதர். இந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்ததும் அவர்தான்.

"ஒண்டுக்கும் பயப்படாத புள்ள" என்றது அவர் குரல். "ஒரு கரைச்சலும் குடுக்கல்ல. ஏறு எண்டன், ஏறினான். எங்க, எதுக்கு எண்டு ஒரு கேள்வி இல்ல."

பளீலா போனை வைத்துவிட்டாள். ஏறுவார்தான். தொண்ணூறிலும் அப்படித்தான் ஏறினார். ஆயுதத்தோடு வந்த இயக்கத்துக்காரர்கள் ஒலிபெருக்கியில் சொன்னார்கள், ஒரு ஊரே எழும்பி நடந்தது. கடற்கரையில் வைத்து நகைநட்டு, காசு, மணிக்கூடு எல்லாவற்றையும் தடவிப் பிடுங்கிக்கொண்டு படகில் ஏறச் சொன்னார்கள், ஏறினார்கள். மழையிலும் காற்றிலும் கிடந்து வந்து இறங்கினது இதே கல்பிட்டிக் கரையில்தான். முப்பத்தைந்து வருடம் கழித்து அதே கரையில் இருந்து அதே மனிதரை ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். அனுப்பினது கூடப்பிறந்தவர். இதை நினைக்க நினைக்க அவளுக்கு உச்சந்தலை காய்ந்தது. "கெதியாப் போடா" என்று மகனின் முதுகில் குத்தினாள்.

கல்பிட்டித் துறையில் படகுகள் எல்லாம் கரையேறிக் கிடந்தன. வெள்ளிக்கிழமை. ஒரே ஒரு படகு மட்டும் களப்பில் இருந்து கரையை நோக்கி வந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தபடி தாஹிர் ஒரு பூவரச மர நிழலில், தண்ணீருக்கு நல்ல தூரத்தில் நின்றார்.

படகை ஓட்டி வந்த ஃபைஸல் குதித்து இறங்கி, ஓடி வந்தான். முகம் வெளுத்திருந்தது.

"நீங்கதானே அவர்ட வீட்டாக்கள்? ராத்தா, நான் ஒண்டும் கேக்கல்ல, அல்லாஹ் அறிய ஒண்டும் கேக்கல்ல." கையை நீட்டினான். கையில் ரஸாக்கின் மணிக்கூடு இருந்தது, வெள்ளி மோதிரம் இருந்தது, பேர்ஸ் இருந்தது. "கொஞ்சத் தூரம் போனதும் ஒவ்வொண்டாக் கழட்டித் தந்தார். சேட்டுப் பொக்கட்ட வெளிய இழுத்துக் காட்டினார். 'இவ்வளவுதான் தம்பி இருக்கு, பெண்டாட்டிட காதுல ஒண்டுமில்ல, அவவைத் தொடாதீங்க' எண்டார். எனக்குக் கை கால் ஓடல்ல. திருப்பிட்டன்."

பளீலா அந்தப் பொருட்களை வாங்கினாள். தண்ணீருக்குள் இறங்கினாள். ரஸாக் படகின் நடுப்பலகையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தார்.

"இஞ்சாருங்க. நான் பளீலா."

அவர் பார்த்தார். "இறங்கலாமா?"

"இறங்குங்க."

"கேட்டியா? அவங்க விட்டாங்களா?"

"ஆரையும் கேக்கத் தேவையில்ல. இறங்குங்க."

மோதிரத்தை அவர் விரலில் போட்டுவிட்டாள். மணிக்கூட்டைக் கட்டிவிட்டாள். கரைக்குக் கூட்டி வந்து, பக்கத்து வீட்டில் இருந்து ஃபைஸலின் தாய் கொண்டுவந்த பாயில் இருத்தி, பேக்கைத் திறந்தாள். குளிசை தேடிக் கைவிட்டவளுக்குச் சாரங்கள் வந்தன, ஒன்றல்ல இரண்டல்ல, அலுமாரியில் இருந்த அத்தனையும். மாதம் முழுவதற்குமான குளிசை வந்தது. காலைக் குளிசை ஒரு பக்கம், இரவுக் குளிசை ஒரு பக்கம், பிரித்துக் கட்டியிருந்தது.

அவருக்குக் குளிசையும் தண்ணீரும் கொடுத்துவிட்டுத்தான் எழும்பினாள். நேராகப் பூவரச மரத்தடிக்குப் போனாள்.

"மச்சான், ஒரு நாளைக்குப் போற மனுஷனுக்கு எதுக்கு எல்லாச் சாரமும்?"

தாஹிர் தொண்டையைச் செருமினார். "நீ கொஞ்சம் பொறுமையாக் கேளு புள்ள. மாப்பிள்ளை எங்க இருக்கப்போறான்? பொண் வீட்டுலதானே. வீட்டை ஸும்ராட பேருல எழுதிக் குடுக்கப்போறம். ஊராக்கள் வீட்டுப் பிள்ளை வந்து இருக்கிற வீட்டுல, இவன் கூட்டத்தைக் கூட்டி வாசல்ல வரிசை வெச்சா நிக்குமா இந்தக் கலியாணம்? அங்க கடல், காத்து, நல்ல அமைதி. மாசம் ஒருக்காப் போய்ப் பார்த்துட்டு வரலாம். எல்லாருக்கும் நல்லதுதானே?"

"அப்ப இது ஒளிக்கிறது இல்ல. அனுப்புறது."

"அப்படிச் சொல்லாத."

"எப்படிச் சொல்ல? இயக்கம் செஞ்சதுக்கும் நீங்க செஞ்சதுக்கும் என்ன வித்தியாசம்? அவங்களாவது மைக்ல சொல்லிட்டுச் செஞ்சாங்க. நீங்க மீன் வாங்கப் போறதாச் சொல்லிச் செஞ்சிருக்கிறீங்க!"

துறையில் நின்ற இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். தாஹிருக்கு அது பொறுக்கவில்லை. "ரோட்டுல வெச்சுக் கத்தாத. விசர் பிடிச்சவனுக்காக ஒரு குமர்ப்பிள்ளைய வீட்டுல வெச்சிருக்கச் சொல்றியா? நானும்தான் அந்தக் கடலால வந்தன். நானும்தான் எல்லாத்தையும் விட்டிட்டு வந்தன். எனக்கு என்ன நடந்திச்சு? எழும்பி நிண்டு உழைச்சு ஆளாகல்லையா? மனசுல தைரியம் வேணும்."

பளீலா அவரைப் பார்த்தாள். பிறகு அவருடைய காலைப் பார்த்தாள். வெள்ளைச் சாரம், மடிப்புக் கலையாமல் இருந்தது. செருப்பில் ஒரு துளி ஈரம் இல்லை.

"நீங்க ஏன் கூடப் போகல்ல மச்சான்?"

"என்ன?"

"தம்பியத் தனிய ஏத்தினீங்களே. சுகமில்லாத மனுஷன். ஆரோ ஒரு போட்டுக்காரப் பொடியன நம்பி அனுப்பினீங்க. கூட ஏறிப் போய் விட்டிட்டு வந்திருக்கலாமே. ஏன் ஏறல்ல?"

"எனக்குத் தலை சுத்தும்."

"எப்ப இருந்து?"

தாஹிர் நிழலுக்குள் ஓரடி பின்னுக்கு வைத்தார்.

"சண்டை முடிஞ்சு ஊர் திறந்த நேரம் எல்லாரும் போட் பிடிச்சு மன்னாருக்குப் போய் வீடு வாசல் பார்த்திட்டு வந்தாங்க. நீங்க மதவாச்சியால சுத்திப் பஸ்ஸில போனீங்க. உங்கட மகன் இந்தத் துறையில போட் வாங்கின நாள், நீங்க துஆ ஓத வரல்ல. தண்ணிக்குள்ள கால் வெச்சு முப்பத்தஞ்சு வருஷம். ஸஃப்னா உங்கட கையிலதானே மௌத்தானாள்?"

அந்தப் பெயரை இந்தக் குடும்பத்தில் யாரும் எடுப்பதில்லை. தாஹிருக்கும் ரஸாக்குக்கும் கடைசித் தங்கச்சி. காய்ச்சலோடு படகில் ஏறின பிள்ளை. கரை வந்து சேர்ந்தபோது அவள் இல்லை. ஏறினது முதல் இறங்கினது வரை அவளைக் கையில் வைத்திருந்தவர் தாஹிர்.

"நீங்க ஏற மாட்டீங்க. அவரை ஏத்துவீங்க. அவருக்குப் பேர் விசர், உங்களுக்குப் பேர் தைரியம். அப்படித்தானே?"

தாஹிர் முகம் சுருங்கிப் போனது. பளீலா ஒரு நொடி பாவம் என்று நினைத்தாள். அந்த நினைப்பே அவளுக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. இத்தனை வருடம் எல்லாரையும் பாவம் பார்த்துப் பார்த்துத்தான் இந்த நிலைமை. தாஹிர் தலையைக் குனிந்துகொண்டு பஸ் நிற்கும் பக்கம் நடந்தார்.

ரஸாக் ஃபைஸலின் வீட்டில் படுத்து உறங்கிவிட்டார். ஜும்ஆ தொழுகை முடிந்தும் எழும்பவில்லை. விருந்தாளிகள் வருகிற நேரமாகிறது என்று றஸீன் பரபரத்தான். "வந்தா இருக்கட்டும்" என்றாள் பளீலா. எழுப்ப அவளுக்கு மனமில்லை. அவர் தானாக விழித்து முகம் கழுவின பிறகுதான் ஓட்டோவில் ஏறினார்கள். பாதி வழியில் றஸீன் கண்ணாடியில் தாயைப் பார்த்தான்.

"உம்மா, ஏசாதீங்க. பேக்க நான் அடுக்கல்ல."

"தெரியும். உனக்கு இரவுக் குளிசை எது எண்டு தெரியாது."

அதைச் சொன்ன பிறகுதான் சொன்னதின் அர்த்தம் அவளுக்கு உறைத்தது. அந்த வீட்டில் குளிசை தெரிந்தவர்கள் இரண்டே பேர்.

வட்டலப்பத்துக்கு முட்டை அடித்த கை. திரும்பிப் பார்க்காத முகம். வெட்கம் என்று நினைத்தாளே! வீட்டுக்குப் போனதும் முதலில் அந்தப் பிள்ளையின் கன்னத்தில் ஒன்று போடுவது என்று முடிவு செய்துகொண்டாள்.

வாசலில் வெள்ளைக் கார் நின்றது. வந்துவிட்டார்கள். றஸீன் ஓட்டோவைப் பின்பக்கம் திருப்பப் பார்த்தான்.

"முன்னுக்கு நிப்பாட்டு" என்றாள் பளீலா. "அவர்ட வீடு. முன் கதவால வருவார்."

உள்ளே ஸுஹைரா டீச்சரும் அவர் கணவர் ஹாஜியாரும் கதிரையில் இருந்தார்கள். எதிரே தாஹிர், பஸ்ஸில் முந்தி வந்து சேர்ந்தவர், சேட்டு மாற்றி இருந்தார். உப்புத் தண்ணீர் காய்ந்த சாரத்தோடு உள்ளே வந்த ரஸாக், "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றார்.

"வஅலைக்குமுஸ்ஸலாம்" என்ற ஸுஹைரா டீச்சர் தாஹிரைத் திரும்பிப் பார்த்தார். "இவர்?"

தாஹிர் மாற்றின சேட்டின் பொத்தானைத் தடவினார்.

"பொண்ட வாப்பா" என்றாள் பளீலா.

"பொண்ட வாப்பா மார்க்க வேலையா ஜமாஅத்தில போயிட்டார், வர நாப்பது நாள் ஆகும் எண்டு இப்பதானே சொன்னீங்க?" என்று டீச்சர் தாஹிரிடமே கேட்டார்.

நல்ல பொய்தான். தீன் பேரில் சொன்ன பொய்யை யார் குறுக்குக் கேள்வி கேட்பார்கள்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களுக்குச் சோறு மட்டும் புனிதமாக இருந்தால் போதும் என்ற நினைப்பு. பளீலா கணவரை அவருடைய கதிரையில் இருத்திவிட்டுப் பக்கத்தில் நின்றாள்.

"ஜமாஅத்துமில்ல, ஒண்டுமில்ல டீச்சர். இவருக்கு வருத்தம். மனசுல. தொண்ணூறுல வந்தது. கிளினிக் போறார், குளிசை போடுறார். மைக் சத்தம் கேட்டா எங்களை எல்லாம் வாசல்ல நிப்பாட்டுவார், நாங்களும் நிப்பம். கொஞ்ச நேரத்தில உள்ளுக்கு வருவம். இவ்வளவுதான். உங்கட மகன் இந்த வீட்டுக்கு வந்தா இவரோடதான் இருக்க வேணும். இவரை அனுப்பிட்டு மாப்பிள்ளை எடுக்க மாட்டன்."

ஹாஜியார் தாடியைத் தடவினார். ஸுஹைரா டீச்சர் கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். கெட்ட மனுஷி என்று சொல்ல முடியாது. இருபத்தைந்து வருடம் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவர். அதனால்தானோ என்னவோ, மற்றவர்கள் வீட்டுக்குப் போன பிறகு கேட்கிற கேள்வியை அங்கேயே கேட்டார்.

"தப்பா எடுக்காதீங்க. நானும் ஒரு தாய். இது... பிள்ளைகளுக்கும் வாற வருத்தமா?"

"இல்ல" என்றாள் பளீலா. ஒரு கண் இமைப்புக்கூடத் தாமதிக்கவில்லை.

"ஓம்" என்றது இன்னொரு குரல்.

சமையலறை வாசலில் ஸும்ரா நின்றாள். புதுச் சல்வார், தலையில் ஊசி குத்தின முக்காடு. கையில் சர்பத் தட்டு.

"ஸும்ரா, நீ உள்ளுக்குப் போ" என்றார் தாஹிர்.

"நீங்க பேசாம இருங்க பெரியவாப்பா." அவள் குரல் உயரவில்லை. "பரீட்சை ஹோல்ல ஒரு நாள் மைக்ல சொன்னாங்க, எல்லாரும் உடனே வெளியேறுங்க எண்டு. கரண்ட்ல ஏதோ பிழை. மத்தப் பிள்ளைகள் சிரிச்சிட்டே போனாங்க. நான் விழுந்திட்டன். சாப்பிடல்ல எண்டு உம்மாக்குச் சொன்னன். இப்பவும் வாசல்ல ஆராவது சத்தமாக் கூப்பிட்டா எனக்கு மூச்சு அடைக்கும். நான் பிறக்க முன்னால நடந்தது டீச்சர் அது. நான் மன்னாரைக் கண்டதே ரெண்டு தரம். எனக்கு ஏன் நடுங்க வேணும்? எனக்குக் கோவம் வராதா? ஆரைப் போய்க் கேக்க?"

பளீலா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். கன்னத்தில் போட என்று வைத்திருந்த கை எங்கே போனதென்று அவளுக்கே தெரியவில்லை.

"வாப்பாட உடுப்பை நான்தான் அடுக்கினன் உம்மா" என்றாள் ஸும்ரா. "அவர் போயிட்டா இதுவும் என்னை விட்டிட்டுப் போயிரும் எண்டு நினைச்சன். போகல்ல. அவர் படியிறங்கின நேரத்தில இருந்து இன்னும் கூடிட்டுது."

தட்டில் கிளாஸ்கள் ஒன்றோடொன்று மோதி ஒலித்தன. அவள் கையை அவளால் நிறுத்த முடியவில்லை. ஒருத்தரும் எழும்பவில்லை. தாஹிர் நிலத்தைப் பார்த்தார். றஸீன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

ரஸாக் எழும்பினார். காலையில் இருந்து மற்றவர்கள் சொன்னதையே செய்துகொண்டிருந்த மனிதர். இப்போது ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. மகளிடம் போனார், தட்டைத் தன் கையில் வாங்கினார்.

"நீ இரு மகள். நான் குடுக்கிறன்."

ஹாஜியார் முன் தட்டை நீட்டினார். ஹாஜியார் ஒரு கிளாஸை எடுத்துக்கொண்டார். அடுத்து ஸுஹைரா டீச்சர் முன் நீட்டினார். டீச்சரின் இரண்டு கைகளும் கைப்பையின் மேல் இருந்தன. அவர் கிளாஸையும் பார்த்தார், வாசலையும் பார்த்தார்.

ரஸாக் நகரவில்லை. தட்டை நீட்டியபடி அங்கேயே நின்றார்.